மல்பெரி மட்டையும் கார்பன் மட்டையும்

நம் சங்கத்தின் விளையாட்டுப் பொருள் அறையைக் காலி செய்யப் போகிறார்கள் என்ற செய்தி சென்ற வாரம் என் காதில் விழுந்தது. அறை வேறொரு காரியத்துக்கு வேண்டுமாம். உள்ளே இருக்கும் கேரம் பலகைகளும் சதுரங்கப் பெட்டிகளும் பத்திரமாக வேறிடம் போகும். மூலையில் சாத்தி வைத்திருக்கும் பதினொரு மர ஹாக்கி மட்டைகளும், கோல் காவலருக்கான ஒரு ஜோடிப் பழைய கால் பேடுகளும் மட்டும் பழைய பேப்பர்க்காரரிடம் போகவிருக்கின்றன. விறகு விலைகூடக் கிடைக்காது. இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. "இவனுக்கு வேறு வேலை இல்லை" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். பௌதிக எம்.எஸ்ஸி. படிக்கும் ஒருவனுக்கு உண்மையில் வேறு வேலை நிறைய உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன் என்பதை ஆசிரியர் குழு அறியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இந்த வழக்கில் நடுநிலையாளன் அல்லன். என் விடுதி அறையில் பதினான்கு ஹாக்கி மட்டைகள் இருக்கின்றன. கட்டிலுக்கடியில் எட்டு, கதவுக்குப் பின்னால் ஆறு. அறைத் தோழன் இரண்டு முறை இடறி விழுந்து, மூன்றாம் முறை விழுந்தால் வேறு அறைக்குப் போய்விடுவதாக எச்சரித்திருக்கிறான். தபால் தலை சேர்ப்பவர்களை எல்லோரும் மதிக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவர்களை அறிஞர் என்கிறார்கள். மட்டை சேர்ப்பவனை மட்டும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என் செய்வது!

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குத் தெரிந்தது கடலை மிட்டாயும் தீப்பெட்டியுந்தான். ஆனால் அங்கே பையன்கள் கிரிக்கெட்டுக்குச் சமமாக, சில தெருக்களில் அதைவிட அதிகமாக, ஹாக்கி ஆடுவார்கள். 2022 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. அதே அணியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபது பையன்களுக்கு ஒன்பது மட்டை. ஆட்டத்தின் நடுவில் வெளியே வருகிறவன் உள்ளே போகிறவன் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு உட்காருவான். எந்த மட்டை யாருடையது என்ற பேச்சே இல்லை. மட்டை என்பது கிணற்று வாளி மாதிரி. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம்.

பெங்களூருக்கு வந்த பிறகுதான் மட்டைகளுக்குள் சாதி உண்டென்று தெரிந்துகொண்டேன்.

இந்த நகரம் ஹாக்கிக்குப் பேர் போன நகரம் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சாந்தி நகர்ப் பக்கம் அக்கித்திம்மனஹள்ளியில் ஃபீல்டு மார்ஷல் கரியப்பா பெயரில் ஹாக்கி மைதானம் இருக்கிறது. ஞானபாரதிப் பக்கம் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில்தான் தேசிய ஆடவர், மகளிர் அணிகள் ஆண்டில் பெரும்பகுதி பயிற்சி பெறுகின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில், அதாவது 2021 ஆகஸ்டில், நாற்பத்தொரு ஆண்டுக்குப் பின் நமக்குக் கிடைத்த வெண்கலத்துக்கு வியர்வை சிந்தியது இந்த ஊரில்தான். மேற்கே குடகுக்குப் போனால், 1997 இல் கரடா என்னும் ஊரில் அறுபது குடும்பங்கள் தத்தம் குடும்பப் பெயரில் அணி சேர்த்துத் தொடங்கிய ஹாக்கித் திருவிழா, இன்று முந்நூறு குடும்பங்களைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. அல்சூரில் மதராஸ் சாப்பர்கள் இருக்கிறார்கள். அந்தப் படையில் வீரரைத் "தம்பி" என்றே அழைப்பார்கள். அங்கும் ஹாக்கி ஒரு பழைய வழக்கம். ஆகவே பழைய மட்டைகள் பெங்களூரில் கிடைக்காமல் வேறு எங்கே கிடைக்கும்?

சிக்கப்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். பணப்பையை மட்டும் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, மின்விசிறி இறக்கை எல்லாம் ஒரே விரிப்பில் கிடக்கும். அங்கேதான் என் முதல் மட்டையைக் கண்டேன். கைப்பிடித் துணி நைந்து, தலைப்பகுதி கறுத்து, ஒரு குடைக்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

"பாய், இது என்ன விலை?" என்றேன்.

"எதுக்குத் தம்பி? நாய் அடிக்கவா?"

"விளையாட."

பெரியவர் மட்டையை எடுத்து ஒரு முறை திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். "நூறு குடு. விளையாடறதுன்னா எண்பது குடு" என்றார். குடைக்கம்பியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

அந்த மட்டையின் கைப்பிடியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. தலை ஒரு மரம், பிடி ஒரு மரம். பிடி பிரம்பு, நீளவாக்கில் பிளந்து நடுவே மெல்லிய ரப்பர்ப் பட்டைகளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரம்பைக் கூர்மையாகச் சீவி, தலைமரத்தில் ஆப்பு வடிவில் வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கிப் பசை போட்டு நூலால் இறுகச் சுற்றியிருக்கிறார்கள். கெட்டிப் பந்தை ஓங்கி அடிக்கும்போது உள்ளங்கையில் எழும் அதிர்வைப் பிரம்பும் ரப்பரும் விழுங்கிக்கொள்ளும். இதைச் செய்த தச்சர் அதிர்வலைச் சமன்பாடு படித்திருக்க மாட்டார். ஆனால் சமன்பாட்டின் விடை அவர் கையில் இருந்தது.

தலைமரம் மல்பெரி. ஆம், இங்கே மைசூர் சாலையில் ராமநகரம் வரை பட்டுக்கூடு விற்கிறார்களே, அந்தப் பட்டுப்புழு தின்னும் இலையின் மரவகைதான். ஹாக்கியின் கதையையே மாற்றிய மரம் இது. இங்கிலாந்தில் ஆடிய பழைய மட்டைகள் ஆஷ் மரத்தால் ஆனவை. அவற்றின் நுனி நீண்டு, படகின் அடிப்பாகம் போல் அகன்று கிடக்கும். அந்த மரத்தை அதற்குமேல் இறுக்கமாக வளைத்தால் நார் பிளந்துவிடும். மல்பெரியோ, நீராவியில் வேகவைத்து வளைத்தால் குறுகிய வளைவுக்கும் இணங்கும். நம் நாட்டுத் தச்சர்கள் அதை வைத்து நுனி குட்டையான மட்டையைச் செய்தார்கள். நுனி குட்டையானதும் மணிக்கட்டின் ஒரு சுழற்சியில் மட்டையைத் திருப்பிப் பந்தை இடமும் வலமுமாகக் கடத்த முடிந்தது. உலகம் அந்த வடிவத்துக்கு இந்தியத் தலை என்றே பெயர் வைத்தது. 1928 இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய நம் ஒலிம்பிக் வெற்றிகளைப் பேசும்போது தியான் சந்த்தின் மணிக்கட்டைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்த வகை ஆட்டத்துக்கு உலகெங்கும் ஏற்ற கருவியாய் நின்ற மரத்தைப் பற்றியும் ஒரு வரி பேசினால் குறைந்துவிடாது.

(தியான் சந்த்தின் மட்டையில் காந்தம் இருப்பதாகச் சந்தேகப்பட்டு உடைத்துப் பார்த்தார்கள் என்றொரு கதை சொல்வார்கள். உடைத்தார்களோ இல்லையோ, அப்படி ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் அவர் பௌதிகத்தில் தேறியிருக்க முடியாது. அக்காலப் பந்து தக்கையும் நூலும் தோலும். காந்தம் எதைப் பிடித்து இழுக்கும்?)

மட்டைத் தொழில் அந்நாளில் சியால்கோட்டில் செழித்திருந்தது. 1947 இல் எல்லைக்கோடு விழுந்தபோது அங்கிருந்த இந்து, சீக்கியக் கைவினைஞர் பலர் உளியும் வாளுமாக இந்தப் பக்கம் வந்து ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறை போட்டனர். என் கட்டிலுக்கடியில் கிடக்கும் எட்டு மட்டைகளில் ஆறு ஜலந்தர் சரக்கு. சியால்கோட்டும் ஓய்ந்துவிடவில்லை, இன்று ஐரோப்பியப் பெயர் தாங்கிவரும் கார்பன் மட்டைகளில் பெரும் பங்கு அங்கிருந்தே புறப்படுகிறது. ஒரே ஊரின் கைத்திறன் இரண்டு நாடுகளின் முத்திரையோடு உலகம் சுற்றுகிறது.

என் சேகரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அல்சூரில் ஓய்வுபெற்ற சாப்பர் ஒருவர் கொடுத்தது. நாலு முறை அவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்த பிறகு கொடுத்தார். மட்டை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் ஐயா என்று கேட்டேன். "கடையில மட்டையத் தரையில செங்குத்தா ஒரு தட்டு தட்டணும் தம்பி. மணி மாதிரி கேட்டா எடு. சட்டி மாதிரி கேட்டா வெச்சுடு" என்றார். பிறகு வளைவில் நாரின் கோடுகள் உடையாமல் கடைசி வரை ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். கோடு நடுவில் விளிம்புக்கு வெளியே ஓடிவிட்டால், முதல் குளிரிலேயே அந்த இடத்தில் பிளக்கும். அவருடைய மட்டையின் அடிப்புறம் கப்பி மண்ணில் தேய்ந்து தேய்ந்து அரிவாள்மணை போல் பட்டையாகியிருக்கிறது. பத்து ஆண்டு ஆட்டத்தின் சுவடு அது. அதை மணற்காகிதம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும்படி ஒரு நண்பன் யோசனை சொன்னான். நான் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். அது பலமான வாதம்.

1975 இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையை எடுத்தோம். நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸும் குடகின் பி.பி. கோவிந்தாவும் அந்த அணியில் இருந்தார்கள். மறு ஆண்டு, 1976 இல், மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்லில் ஆட்டம் நடந்தது. நாம் ஏழாம் இடம். 1980 இல் மாஸ்கோவில் நம் வி. பாஸ்கரன் தலைமையில் மீண்டும் தங்கம் வந்தது உண்மைதான். பல வலிய அணிகள் வராத ஆண்டு அது என்பதும் உண்மை. தரை மாறியதும் எல்லாம் மாறிற்று. புல்தரையில் பந்து துள்ளும், தயங்கும்; அதை அடக்கி ஆளத் தந்திரம் வேண்டும். செயற்கைத் தரையில், அதுவும் தண்ணீர் தெளித்த தரையில், பந்து கோடு போட்டாற்போல் பாயும். அங்கே வேகமும் வலிவும் வேண்டும். ஓயாமல் நனையும் தரையில் மரம் நீர் குடித்து ஊதும், பிளக்கும். ஆகவே மரத்தின்மேல் கண்ணாடி இழை வந்தது. பிறகு அலுமினியப் பிடி வந்தது. அது உடைந்தால் கத்தி போல் வெட்டும் என்று விலக்கப்பட்டது. கடைசியில் மரமே இல்லாமல் கார்பன், கண்ணாடி, அராமிட் இழைத் துணிகளைப் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி, சூட்டில் இறுக்கிய மட்டை வந்தது. உள்ளே வெற்றிடம். தட்டிப் பார்த்தால் மணியும் இல்லை, சட்டியும் இல்லை. மேசையைத் தட்டினாற்போல் ஓர் ஒலி.

கார்பன் மட்டையின் உடலை நீளவாக்கில் வில்லாக வளைக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் வளைக்கலாம் என்பதால் விதி போட வேண்டியதாயிற்று: 25 மில்லிமீட்டருக்குமேல் கூடாது. அந்த வளைவின் உள்ளே பந்தை அணைத்து இழுத்து, கவண்கல் போல் வீசுவதுதான் டிராக் ஃபிளிக். பெனால்டி கார்னரில் ஓங்கி அடிக்கும் முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்குமேல் கோலுக்குள் போகக்கூடாது. வீசும் பந்துக்கு அந்தத் தடை இல்லை. பாரிஸில் 2024 இல் ஹர்மன்பிரீத் சிங் பத்து கோல் போட்டாரே, அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இந்த வளைவும் இந்த விதியும் இருக்கின்றன.

தாக்குகிறவன் கருவி மாறினால் தடுக்கிறவன் கருவி மாறாமல் இருக்குமா? 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்கில் நம் கோலைக் காத்த சங்கர் லட்சுமணின் காலத்தில் கால் பேடுகள் கிரிக்கெட் பேடுகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கேன்வாஸ், பிரம்புக் குச்சி, பஞ்சு. நம் சங்க அறையில் கிடக்கும் ஜோடி அந்த இனத்தைச் சேர்ந்ததே. காலில் கட்டிப் பார்த்தேன். பந்து பட்டால் பொத்தென்று காலடியில் விழுகிறது. ஸ்ரீஜேஷ் பாரிஸோடு ஓய்வு பெறும்வரை அணிந்திருந்த வகையோ அடர்ந்த நுரைப்பலகை. பந்து பட்டால் பத்து கஜம் தெறித்து ஓடும். முன்னவர் பந்தைக் காலடியில் நிறுத்திப் பிறகு உதைத்தார். பின்னவர் தடுப்பதும் திருப்பி அனுப்புவதும் ஒரே செயல். பேடின் அகலம் 300 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று இதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கோலையே பேடால் அடைத்துவிடுவார்கள்.

ஆகவே "மரம் செத்துவிட்டது, தூக்கிப் போடு" என்கிறார்கள் ஒரு சாரார். "கார்பன் வந்துதான் நம் ஆட்டம் கெட்டது" என்கிறார்கள் மறுசாரார். இவர்கள் பெரும்பாலும் நம் பெரியவர்கள். இரண்டு சாராரும் ஒரு காரியத்தைச் செய்யவில்லை. இரண்டு மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கவில்லை.

நான் அளந்தேன். ஆய்வுக்கூடத்தைக் கெடுக்காமல், விடுதி மொட்டை மாடியில்தான். முதலில் எடை, சமையலறைத் தராசு. பிறகு ஒரு விரலின்மேல் மட்டையைப் படுக்கவைத்துச் சமநிலைப் புள்ளி. பிறகு பிடியின் நுனியில் ஆணியடித்த கட்டையிலிருந்து தொங்கவிட்டு ஊசலாட்டி, ஐம்பது ஆட்டத்துக்கு ஆகும் நேரம். முதலாண்டில் கூட்டு ஊசல் சோதனையைத் தூங்கிக்கொண்டே செய்தோமே, அதே சோதனைதான். அப்போது எதற்கென்று தெரியவில்லை, இப்போது தெரிந்தது. எடையில் இருந்த வித்தியாசத்தைவிடச் சுழற்றும்போது கை உணரும் பாரத்தில் இருந்த வித்தியாசம் அதிகம். மர மட்டையின் தலை கெட்டி; பாரம் தூரத்தில் நிற்கிறது. கார்பனின் தலை வெறுமை. பாரம் கைக்கருகே வந்துவிடுகிறது. அதனால் கார்பன் மட்டை சட்டென்று திரும்புகிறது.

அடுத்து, மட்டையின் தட்டை முகம் வானம் பார்க்க மேசையில் இறுக்கிவிட்டு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று கைப்பேசியில் படம் பிடித்தேன். சந்தையில் வாங்கிய மட்டையில் பந்து சோம்பேறியாக எழுந்தது. கார்பனில் அதைவிட ஒரு சாண் உயரம் எழுந்தது. கார்பன் கட்சி வென்றது என்று நோட்டில் எழுதியும்விட்டேன். அன்றிரவு படுத்தபிறகுதான் உறைத்தது: ஐம்பது வயது மரத்தையும் ஆறு மாதக் கார்பனையும் ஓட்டப் பந்தயத்தில் விட்டிருக்கிறேன்! மறுநாள் கடைக்குப் போய்ப் புதிய மர மட்டை ஒன்று வாங்கினேன். விலை எழுநூறு ரூபாய்க்குள். அதைச் சோதித்தபோது ஒரு சாண் வித்தியாசம் மூன்று விரற்கடையாகச் சுருங்கிற்று. வித்தியாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். உண்டு. பெரிய ஆட்டத்தில் அந்த மூன்று விரற்கடைக்கு வெற்றி தோல்வி உண்டு. சர்வதேசச் சம்மேளனமே, சோதனையில் பந்தின் வேகம் மட்டைத் தலையின் வேகத்தில் 98 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் நாம் ஆடுவது பெரிய ஆட்டமா? விடுதிக்குப் பின்னால், கல்லும் புல்லுமான தரையில், சனிக்கிழமை மாலையில் ஆடுகிறோம்.

அந்தத் தரையில் இதே சோதனையின் மறுபக்கத்தைப் பாருங்கள். பந்து அதிகம் எழும்பும் மட்டை, பந்தை நிறுத்தும்போதும் அதைத் தெறிக்கவிடும். வேகமாக வரும் பந்தை அடக்கக் கார்பன் மட்டைக்காரன் கையைத் தளர்த்திப் பின்வாங்கக் கற்றிருக்க வேண்டும். மரம் அந்த வேலையில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. புதிதாக ஆடவருகிறவனுக்கு அடிப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம். ஆக, முதலாண்டு மாணவனுக்குக் கார்பன் உதவி செய்வதைவிட உபத்திரவமே செய்கிறது. கல் தரையில் கார்பன் மட்டையின் அடிவிளிம்பு உதிரும் வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் அணித்தலைவரின் மட்டையைப் பார்த்தாலே தெரியும். அதன் விலையையும் அவர் சொல்லுவார். உயர்ரக மட்டைகள் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டுகின்றன. தேசிய அணிக்காரர் அதை வைத்து ஆடுவது நியாயம். அது அவர் தொழிற்கருவி. நாம் அதை வாங்குவது, மிதிவண்டிப் பாதைக்குப் பந்தயக் கார் வாங்குவதற்கு ஒப்பாகும்.

பழைய மட்டைக்கு மதிப்பே இல்லை என்பவர்களுக்குக் கடல் கடந்த செய்தி ஒன்று. கனடாவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கிதான் உயிர். அங்கே நோவா ஸ்கோஷியாவில் ஒரு முடிதிருத்தும் கடைச் சுவரில் பழைய மட்டை ஒன்று பல ஆண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கிய ஒருவர் மரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். 1830களில் செய்தது என்று தெரிந்தது. 2015 இல் கனடிய வரலாற்று அருங்காட்சியகம் அதை மூன்று லட்சம் டாலருக்கு வாங்கிற்று. ஒற்றை மரத்தில் குடைந்த மட்டை அது. நம்மிடம் பனித்தரை லடாக்கில் இருக்கிறது. அங்கே ராணுவப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு ஆடத் தொடங்கியவர்கள், வெளிநாட்டார் ஆடிக் கழித்து அனுப்பிய காப்புக் கவசங்களை மாற்றி மாற்றி அணிந்து வளர்ந்தார்கள். 2025 இல் அந்த மண்ணின் பெண்களை முதுகெலும்பாகக் கொண்ட இந்திய மகளிர் அணி ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. முதல் மட்டையைச் சுவரில் வைத்துப் பூசித்தார்கள். இரண்டாமவர்கள் பழையதை எடுத்து ஆடினார்கள். எனக்கு இரண்டாமவர்களையே அதிகம் பிடிக்கிறது. சாப்பர் ஐயா கொடுத்த ஒன்றைத் தவிர என் பதினான்கில் எதையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்த விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாண்டு மாணவர் ஒருவர் நம் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தார். தென் மாவட்டத்துக்காரர். கையில் ஒரு மர மட்டை. பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சுற்றுவோம். நாங்கள் ஐந்தாறு பேர் அன்றைக்குத்தான் புதிய கார்பன் மட்டைகளோடு நின்றுகொண்டிருந்தோம். யாரோ சிரித்தார்கள். யாரோ என்ன, நான்தான். "இந்தக் கட்டையை வைத்துக்கொண்டு எங்கே வந்தாய் தம்பி? கம்போசிட் ஒன்று வாங்கிக்கொண்டு வா" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால் "வரேன் அண்ணே" என்பார். அவருடைய ஆண்டுக் கட்டணத்துக்கே வீட்டில் நகை வைத்தார்கள் என்று பிறகு வேறொருவர் மூலம் அறிந்தேன். அவர் பள்ளி நாளில் மாவட்ட அணிக்கு நடுக்கள ஆட்டக்காரர் என்பதையும் அறிந்தேன். ஒன்பது மட்டைக்கு இருபது பேர் என்று வளர்ந்த நான், அந்த ஒரு மட்டைக்காரரை வெளியே உட்காரவைத்தேன்.

எண்பது ரூபாய்க்கு நான் சந்தையில் மட்டை வாங்கியது அதற்குப் பிறகு. என் சேகரிப்பின் பூர்வீகம் இதுவே. ஆராய்ச்சி ஆர்வம் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தது பாதி உண்மைதான்.

ஆகவே சங்கத்தாருக்கு என் கோரிக்கை இது. அந்தப் பதினொரு மட்டைகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டின் தலை பிளந்துவிட்டது. அவை ஆட உதவாது, அறுத்து உள்ளமைப்பைக் காட்டலாம். மற்ற ஒன்பதும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆளிவிதை எண்ணெய் பூசி நிழலில் ஒரு வாரம் வைத்தால் போதும். (நல்லெண்ணெய் பூசாதீர்கள். என் அம்மா சொன்னபடி நான் பூசினேன். அது எளிதில் காயாது, புழுதியெல்லாம் ஒட்டிக்கொண்டு மட்டை முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து படலமாகும்.) சிலாம்பு கிளம்பிய விளிம்பில் டேப் சுற்ற வேண்டும், விதியும் அதைத்தான் சொல்கிறது. என்னுடையவற்றில் பத்தை அவற்றோடு சேர்க்கிறேன். என் கார்பன் மட்டை இரண்டும் அந்தப் பத்தில் அடக்கம். பத்தொன்பது மட்டை இருந்தால் இரண்டு அணி ஆடலாம். குறையும் மூன்றுக்கு ஊர் வழக்கப்படி மாற்றி மாற்றி ஆடிக்கொள்ளலாம். ஒரு பீரோ போதும். அறை வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே இடமிருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம், வருகிற ஒவ்வொருவரும் ஒரு மர மட்டையாலும் ஒரு கார்பன் மட்டையாலும் பத்துப் பந்தை நிறுத்தி, பத்துப் பந்தை அடித்துப் பார்க்கட்டும். எது நல்லது என்று நான் சொல்வதை நம்ப வேண்டாம். என் நோட்டுப் புத்தகம் பீரோவிலேயே இருக்கும். அவரவர் அளவையும் அதில் எழுதலாம். கோல் காவலராக நிற்பவர் பழைய பேடையும் ஒரு முறை கட்டிப் பார்க்கட்டும். காலுக்குச் சற்று வலிக்கும், எனவே மெதுவாக அடிக்கவும்.

அந்த முதலாண்டு மாணவர், இப்போது இரண்டாமாண்டு, இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். நேரிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: தம்பி, தவறு என்னுடையது. உங்கள் சைக்கிள் டியூப் மட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதையும் ஊசலில் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நடுக்களத்தில் எங்களுக்கு ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, விடுதிக்குப் பின்னால். பிடியில் சுற்றும் டேப்பை மட்டும் அவரவர் கொண்டுவரவும்.